அலகு எழுதாததால் வந்த வினை

பொங்கல் விழா அழைப்பிதழ்களுக்கு முகவரி அச்சிட வேண்டிய நாளன்று காலையில் நம் சங்கத்து சர்வர் இயங்க மறுத்துவிட்டது. உறுப்பினர் முகவரி, சந்தா வரவு, குழந்தைகளின் தமிழ் வகுப்பு வருகை எல்லாம் அதிலுள்ள போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. இதற்குக் காரணம் வேறு யாருமல்ல, அடியேன்தான்.

பட்டியல் மெதுவாக வருகிறதே என்று முதல் நாள் இரவு அதன் நினைவக ஒதுக்கீட்டைக் கூட்டியிருந்தேன். 'ஷேர்ட் பஃபர்ஸ்' என்று அதற்குப் பெயர். நிறுவும்போது வரும் அளவு 128 எம்.பி. அதை 1 ஜி.பி. ஆக்க எண்ணி, கிலோபைட்டில் கணக்குப் போட்டு 1048576 என்று கொடுத்தேன், அலகு எழுதவில்லை. அலகில்லாத எண்ணை இந்த இடத்தில் மென்பொருள் கிலோபைட்டாக எடுத்துக்கொள்வதில்லை, 8 கிலோபைட் கொண்ட கட்டங்களாக எண்ணுகிறது. ஆக, நான் கேட்டது 8 ஜி.பி. கணிப்பொறியில் இருப்பதோ 4 ஜி.பி.! சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் இந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் என்பதால் இரவில் ஒன்றும் தெரியவில்லை.

காலையில் அமைப்புக் கோப்பைத் திறந்தால் அதில் 128 எம்.பி. என்றே இருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. உதவிக்கு வந்த சங்கத்து இளைஞர் கேட்டார்:

"அங்கிள், கோப்பைத் திறந்து மாத்தினீங்களா, கட்டளை கொடுத்தா?"

"கட்டளைதான்."

2014-இல் வந்த 9.4 பதிப்பு முதல் 'ஆல்டர் சிஸ்டம்' என்றொரு கட்டளை உண்டு. அது மூலக் கோப்பைத் தொடாது. 'ஆட்டோ' என்று பெயரில் வரும் இன்னொரு கோப்பில் எழுதி வைக்கும். இரண்டும் முரண்பட்டால் இந்த இரண்டாவது கோப்பின் சொல்லே செல்லும்.

"அப்படியானால் அந்தக் கோப்பையே காலி செய்துவிடலாமே" என்றேன்.

"வேண்டாம் அங்கிள். நூலகக் கணிப்பொறி இதோட பேச அனுமதிக்கிற வரியும் அதிலேதான் இருக்கு."

உண்மைதான். நிறுவிய நிலையில் இந்த சர்வர் தன் சொந்தக் கணிப்பொறியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தால் நூலகம் துண்டிக்கப்பட்டிருக்கும்.

அவர் அந்த ஒரு முறைக்கு மட்டும், தொடங்கும் கட்டளையிலேயே 128 எம்.பி. என்று சேர்த்து சர்வரை எழுப்பினார். அப்படிச் சொல்வது இரண்டு கோப்புகளையும் மீறிச் செல்லும். பிறகு 'ரீசெட்' கொடுத்து, நான் எழுதிய அந்த ஒரு மதிப்பை மட்டும் நீக்கினார். சந்தாக் கணக்கில் ஒரு வரிகூடக் குறையவில்லை. கெட்டது அமைப்புதானே தவிர, தரவு அல்ல. மாலைக்குள் முகவரிகள் அச்சாகிவிட்டன.

அதன்பின் இருவரும் உட்கார்ந்து 'பிஜி செட்டிங்ஸ்' என்ற பட்டியலைப் பார்த்தோம். ஒவ்வொரு அமைப்புக்கும் இன்றைய மதிப்பு, மென்பொருளோடு வந்த மதிப்பு, அலகு, மாற்றம் எங்கிருந்து வந்தது என எல்லாம் அதில் இருக்கிறது. மாறியவற்றை மட்டும் பிரித்தெடுத்து, எது ஏன் மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம். நிறுவும்போது வரும் 128 எம்.பி. சிறிய கணிப்பொறியிலும் ஓட வேண்டும் என்று வைத்த அடக்கமான அளவு. அதுவே நமக்கு உகந்தது என்பதில்லை. தரவுத்தளத்துக்கென்றே உள்ள கணிப்பொறியில் நினைவகத்தில் கால் பங்கு கொடுக்கலாம் என்பது அதன் கையேட்டின் யோசனை. நம்முடையதில் அச்சு வேலையும் நடப்பதால் 512 எம்.பி. வைத்தோம், இம்முறை அலகோடு!

1676 என்றால் அகலப்பாதையின் மில்லிமீட்டர் என்று ரயில்வேக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணிப்பொறியோ நாம் சொல்லாததைத் தன் வழக்கப்படி எடுத்துக்கொள்ளும். ரயில்வேயில் எந்த அளவை மாற்றினாலும் பழையது, புதியது, தேதி, கையெழுத்து என்று பதிவேட்டில் எழுதுவோம். ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டேன் போலும். இப்போது சங்க அலுவலகத்தில் சர்வருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. அதில் முதல் பதிவு என் கையெழுத்தில்தான்.