அடிக்கடி போக்ஸ் கம்பி உடையுதா? குண்டானவர்கள் சைக்கிளில் கவனிக்க வேண்டியது இதுதான்!

மேச்சேரி:

மேச்சேரி புதன்கிழமை சந்தைக்கு மூட்டை ஏற்றி வருபவர்கள், தறி வேலைக்கு தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள், 90 கிலோ, 100 கிலோ எடை உள்ளவர்கள்... இவர்கள் எல்லோருக்கும் உள்ள ஒரே தலைவலி, பின் சக்கரத்தில் 'டங்'கென்று போக்ஸ் கம்பி உடைவதுதான். ஒன்றை மாற்றினால் அடுத்த வாரம் பக்கத்து கம்பி போகும். கடைக்குக் கொடுக்கும் காசோடு அரை நாள் கூலியும் போய்விடும்.

ஏன் உடைகிறது?

எடை தாங்காமல் ஒரே அடியில் உடைவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சக்கரம் சுற்றும்போது, தரைப்பக்கம் வரும் கம்பி கொஞ்சம் தளர்கிறது, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. 28 இன்ச் சக்கரம் 10 கிலோ மீட்டர் ஓடினால் சுமார் 4,500 சுற்று. அத்தனை தடவையும் இதே கதைதான். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று முறியுமே, அதே மாதிரிதான். எடை கூடக்கூட தளர்வதும் கூடும். ஏற்கனவே லூசாக உள்ள கம்பிதான் சீக்கிரம் போகும். பெரும்பாலும் ஹப் ஓட்டையை ஒட்டி வளைந்திருக்கும் கழுத்தில்தான் முறியும். ஆள் எடையும் கேரியர் சுமையும் பின்னால் விழுவதால் பின் சக்கரத்துக்குத்தான் அடி அதிகம்.

எந்த கம்பி வாங்கலாம்?

கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் கூடும். இதில் ஏமாறாதீர்கள். 14 கேஜ் என்றால் 2 மில்லி மீட்டர். 13 கேஜ் சுமார் 2.3, 12 கேஜ் சுமார் 2.6. எடை அதிகம் உள்ளவர்கள் பின் சக்கரத்துக்கு 13 கேஜ் கேட்டு வாங்கலாம். நிப்பிளும் அதே கேஜில் இருக்க வேண்டும். 12 கேஜ் எல்லா ஹப் ஓட்டையிலும் நுழையாது. அதற்காக ஓட்டையைப் பெரிதாக்கினால் ஹப்பே வீணாகிவிடும்.

எவர்சில்வர் கம்பி துரு பிடிக்காது, அதனால் நல்லது. ஆனால் காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பியாக இழுக்கும்போது நல்ல எவர்சில்வரிலும் லேசாக காந்தம் பிடிக்கும். நீளத்துக்குப் பழைய கம்பியைக் கையோடு கொண்டு போங்கள். நீளம் கூடினால் நிப்பிளைத் தாண்டி வந்து டியூபைக் குத்தும்.

எத்தனை கம்பி?

நம்ம ஊர் பழைய பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருக்கும். இது இங்கிலாந்து சைக்கிளில் இருந்து வந்த வழக்கம். பின்னால் எடை அதிகம் என்பதால்தான் இந்தக் கணக்கு. கியர் சைக்கிள் வாங்கும் எடை கூடியவர்கள் 36 கம்பி உள்ள சக்கரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பார்க்க அழகாக 20, 24 கம்பி போட்ட சக்கரம் உங்களுக்கு ஆகாது.

இறுக்கம்தான் முக்கியம்

எவ்வளவு தடிமனான கம்பி போட்டாலும் லூசாக இருந்தால் உடையத்தான் செய்யும். மாதம் ஒரு முறை பக்கத்து பக்கத்து கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் உடனே கடைக்குப் போய் கோட்டம் எடுத்து விடுங்கள். புதிதாகக் கம்பி கோர்த்த சக்கரத்தை ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி காட்டுவது நல்லது.

ஒரே சக்கரத்தில் இரண்டு, மூன்று கம்பி அடுத்தடுத்து உடைந்தால் மற்றதும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைக்காமல் மொத்த செட்டையும் மாற்றி விடுங்கள்.

வழியில் உடைந்தால், உடைந்த கம்பியைப் பக்கத்து கம்பியில் சுற்றிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு கம்பி போனாலே ரிம் கோணும். லாரி ஓடும் ரோட்டில், பாரத்தோடு, கோணின சக்கரத்தை மிதிப்பது உயிருக்கே ஆபத்துங்க.