இலைத் துண்டு சொல்லும் சேதி

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். ஆனால், தின்பதற்கு நல்ல கரும்பை உருவாக்குவது எளிய வேலையன்று. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், தடித்த இனிப்புக் கரும்பையும் மெலிந்த காட்டுக் கரும்பையும் கலந்து, 1918-இல் ‘கோ 205’ என்ற ரகத்தை வெளியிட்டார்கள். ஒன்றிடமிருந்து இனிப்பு வந்தது. மற்றதிடமிருந்து தாங்கும் வலிமை வந்தது.

இப்படிக் கலக்கும்போது ஆயிரக்கணக்கான நாற்றுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு விதம். எது இனிக்கும்? எது நோயைத் தாங்கும்? வளர்த்துப் பார்த்தே அறியவேண்டும். சலித்தெடுத்து ஒரு ரகத்தை வெளியிடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். நோய்கள் அதுவரை காத்திருக்குமா? 2009-இல் வெளியான கோ 0238 வட இந்திய வயல்களில் வேகமாகப் பரவியது. பின்னர் செவ்வழுகல் நோய் அதைத் தாக்கியது.

நாற்றிலேயே குணத்தை அறிய வழியுண்டா? உண்டு. குரோமோசோமை ஒரு ரயில் வண்டியாகவும், ஜீன்களைப் பெட்டிகளாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். இனப்பெருக்கத்தின்போது வண்டிகள் தம்முள் பெட்டிகளை மாற்றிக்கொள்கின்றன. அப்போது அடுத்தடுத்த பெட்டிகள் பெரும்பாலும் சேர்ந்தே போகும். தொலைவில் உள்ளவை பிரிந்துவிடும். ஆகவே, நாம் தேடும் ஜீனுக்குப் பக்கத்தில் எளிதில் கண்டறியத்தக்க ஒரு டி.என்.ஏ. அடையாளம் இருந்தால் போதும். அடையாளம் தென்பட்டால் ஜீனும் இருக்கும் என்று நம்பலாம்.

இதற்குச் சிறந்த சான்று ‘புரூ 1’ என்னும் ஜீன். பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் இதனை, ரியூனியன் தீவின் ‘ஆர் 570’ என்ற கரும்பில் 1996-இல் கண்டறிந்தார்கள். இதன் அருகிலுள்ள அடையாளங்களைச் சோதிக்க ஒரு சிறு இலைத் துண்டே போதும். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அடையாளம் நோயைத் தடுப்பதில்லை. தடுக்கும் ஜீனுக்கு அது அண்டை வீடு, அவ்வளவே. அண்டை வீடு தள்ளிப்போகப் போக நம்பிக்கையும் குறையும். மேலும், நம் செல்லில் 46 குரோமோசோம்கள். கரும்பிலோ 100 முதல் 130 வரை! நமக்கு இரண்டு பிரதிகளாக உள்ள ஜீன், அதில் ஏறக்குறைய பத்துப் பிரதிகளாக இருக்கும். இனிப்பையோ பல ஜீன்கள் சேர்ந்து நிர்ணயிக்கின்றன; ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. ஜீன்கள் இத்தனை பிரதிகளாக இருப்பதாலேயே ஆர் 570-இன் டி.என்.ஏ. வரிசை 2024-இல்தான் விரிவாக வெளியாயிற்று.

எனவே, இலைத் துண்டு தகுதியற்ற நாற்றுகளை முன்கூட்டியே விலக்க உதவும். எஞ்சியவற்றில் எது சிறந்தது என்ற தீர்ப்பை இன்றும் வயலே வழங்குகிறது.