காயன்று, இலையன்று, பூவுமன்று

காரணப்பெயர் பற்றி ஒருநாள் வகுப்பிலே விளக்குங்கால், மருந்துச் சரக்காகிய சாதிபத்திரியை எடுத்துக்காட்டினேன். பத்திரம் என்பது இலையாதலின், அது சாதிமரத்தின் இலை என்றேன். மாத்தளை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அது இலையன்று, எங்கள் தோட்டத்துக் காயினுள்ளே இருப்பது" என்றான். சொற்பிறப்பை நம்பிய யான் அவனை இருக்கப் பணித்தேன். விடுமுறை கழிந்து மீண்டவன், காயொன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தான்.

பிளந்து பார்த்தேன். மஞ்சள் நிறத் தோல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே கரும்பழுப்பான ஓடு. அதனைச் செந்நிற வலையொன்று விரல்களாற் பற்றியதுபோலத் தழுவியிருந்தது. அவ்வலையே சாதிபத்திரி, உலர்ந்தபின் மஞ்சள் கலந்த பழுப்பாகும். ஓட்டினை உடைக்க வரும் பருப்பே சாதிக்காய். எனவே, சாதிக்காய் காயன்று, சாதிபத்திரி இலையன்று, அதனைச் சாதிப்பூ என்பாரும் உளர், அது பூவுமன்று.

பின் அது யாது? சூல் விதையாக முதிருங்கால், விதையின் அடியிலிருந்து வளர்ந்து அதனைப் போர்க்குஞ் சதையுறை அது. சாதிமரத்தின் தாயகம் மொலுக்காத் தீவுக்கூட்டத்துப் பண்டாத் தீவுகள். அங்கே பெரும்புறாக்கள் செந்நிறங் கண்டு விதையை விழுங்கும், உறை செரிக்கும், விதை சிதையாது வேறிடத்தில் விழும். விதையைச் சுமக்கும் பறவைக்கு மரம் அளிக்குங் கூலியே இவ்வுறை. மனிதனோ விதையையும் உறையையும் தனக்கே ஆக்க முயன்றான். 1621 ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியார் பண்டா மக்களிற் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் துரத்தியும் அத்தீவுகளைக் கைக்கொண்டனர்.

நம் வீட்டயலிலும் இத்தகைய உறையைக் காணலாம். பழுத்து வெடித்த பாகலின் விதையைச் சூழ்ந்த செஞ்சதையும், சிறுவர் விரும்பியுண்ணும் கொடுக்காய்ப்புளியின் வெண்சதையும் இவ்வினமே. பலாச்சுளையோ இதன்பாற் படாது. பெண்பூவின் இதழுறை பருத்துச் சுளையாயிற்று. தோற்றம் ஒப்பினும் பிறப்பு வேறு.

தொல்காப்பியர் மரபியலிலே, புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். மரத்தை வெட்டிப் பார்த்தறியாதார் இவ்வாறு வகுத்தல் இயலாது. அந்நூலைப் பல்லாண்டு கற்பித்த யானோ, ஒரு காயைப் பிளந்து பாராமலே பொருள் கூறினேன்.

மறுநாள் என் பிழையை வகுப்பார் அனைவர்க்கும் எடுத்துரைத்து, அம்மாணவனையே எழுந்து விளக்கச் செய்தேன். சொல்லுக்குக் காரணங் காண்பார் முதலிற் பொருளைக் காணல் வேண்டும். தமிழாசிரியராகிய நாம் இதனை மறத்தலாகாது.