மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்

மன்னார்–பூநகரி வீதியில், மேற்குக் கரையோரமாக அமைந்த ஊர் வெள்ளாங்குளம். 1990இல் வடபுலத்தின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின் இப்பகுதியிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய முதிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் அவையே சுமந்தன.

1950களின் எஞ்சின்கள் எரிகலவையை ஏறத்தாழ 7இல் 1 பங்காகவே அழுத்தின. ஆதலின் தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்தன. ஆயினும் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. காபரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர்.

உரிமையாளர் விழிப்பாயிருக்கவேண்டிய இடம் வேறு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலிற் கலக்கும். அளவுகோலிற் பார்த்தால் ஒயில் குறையாதிருக்கும், சிலவேளை கூடியுமிருக்கும். அதுகண்டு மகிழ்பவர் ஏமாளி! ஒயிலை விரலிடையே தேய்த்துப் பார்க்கவேண்டும். நீர்போல் நெகிழ்ந்து மண்ணெண்ணெய் மணம் வீசினால் உடனே மாற்றவேண்டும். தவறின் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கும். கரிபடிந்த பிளக்கைக் கம்பித் தூரிகையால் துலக்குவதும், உப்புக்காற்று அரிக்கும் அடித்தகட்டை நன்னீராற் கழுவுவதும் சிறு வேலைகளே.

2002இல் போர்நிறுத்தத்தையடுத்துத் தடை தளர்ந்தது. அக்காலத்தைக் கடந்துவந்த காரொன்றை வாங்குபவர், மினுங்கும் பூச்சில் மயங்காது, சூடான எஞ்சினின் ஒயில் அழுத்தத்தையே முதலிற் பார்க்கவேண்டும்.