மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

புதிய மோட்டார் சைக்கிளில் சாவியைத் திருப்பியதும், வேகமானியின் அருகே எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். இது விளக்கே பழுதாகிவிடவில்லை என்பதைக் காட்டும் சோதனை. ஓடும்போதும் அது அணையாமல் நின்றால்தான் கோளாறு. அப்போது சிலர் 'வண்டிதான் ஓடுகிறதே' என்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் பணிமனையில் சொல்லும் பாகத்தை உடனே விலைக்கு வாங்கி மாட்டுகின்றனர். இரண்டும் தவறு. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கு வந்த வரலாறு

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் புல்லட் வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். மெக்கானிக் ஓசையைக் கேட்டும், பிளக்கின் நிறத்தைப் பார்த்தும் கோளாறைக் கண்டுபிடித்தார். ஆனால் நகரங்களில் புகை பெருகியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தால் அவதியுற்ற கலிபோர்னியா மாநிலம், 1988ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, கோளாறைத் தானே கண்டறியும் அமைப்பை வற்புறுத்தியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது, இரு சக்கர வாகனங்களுக்கும் இத்தகைய அமைப்பு கட்டாயமாயிற்று. புல்லட் 350 வண்டியும் அவ்வாண்டில் கார்புரேட்டரை விட்டு, கணினியின் கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் முறைக்கு மாறியது.

குறியீடும் அதன் பொருளும்

கணினிக்குக் கண்ணும் காதும் சென்சார்கள் எனப்படும் உணரிகளே. எஞ்சினின் வெப்பத்தை அளக்கும் உணரியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு தெர்மிஸ்டர்; வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான மின்தடை வழியே அதற்கு அனுப்பி, உணரியில் விழும் மின்னழுத்தத்தை அளக்கிறது. சூடான எஞ்சினில் இந்த அளவு குறைவு. குளிர்ந்த எஞ்சினில் அதிகம். ஒயர் அறுந்துவிட்டாலோ ஏறத்தாழ 5 வோல்ட் முழுவதும் தெரியும். அது நம்ப முடியாத குளிர் என்று பொருள்படுவதால், கணினி விளக்கை ஏற்றி, 'பி-0118' என்ற குறியீட்டைப் பதிவு செய்கிறது.

இதில் 'பி' எஞ்சின் பிரிவையும், 0 பொதுக் குறியீடு என்பதையும், 1 எரிபொருள்-காற்று அளவீட்டையும் குறிக்கும். கவனிக்க வேண்டியது, இக்குறியீடு 'உணரி கெட்டுவிட்டது' என்று சொல்லவில்லை. 'இந்தச் சுற்றில் மின்னழுத்தம் மிகுந்துள்ளது' என்றுதான் சொல்கிறது. காரணம் உணரியாக இருக்கலாம்; அறுந்த ஒயராக இருக்கலாம்; துருவேறிய கப்ளராகவும் இருக்கலாம். உணரிக்குப் பணம் வேண்டும். கப்ளரைத் துடைக்கப் பொறுமை போதும்.

கடற்கரைக்கு ஒரு குறிப்பு

திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இது முக்கியம். உப்புக்காற்றின் ஈரம் கப்ளருக்குள் புகுந்தால் செம்புக் கம்பிகளில் பச்சை படியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாம் கண்டது போன்ற வெள்ளத்தில் வண்டி நின்றாலும் இதே நிலைதான். படிவு சிறிதளவே இருந்தால், கூடுதல் மின்தடையைக் கணினி 'குளிர்' எனத் தவறாகக் கொண்டு, தேவைக்கு மேல் பெட்ரோல் தெளிக்கக்கூடும். விளக்கு எரியாமலேயே மைலேஜ் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டிய முறை

1. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துக. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து, ஓட்டத்தில் மாறுதல் இல்லையெனில் மெதுவாகப் பணிமனை வரை செல்லலாம். விளக்கு விட்டுவிட்டு எரிவதன் பொருளைக் கையேட்டில் காண்க.

2. குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்க. அதற்கு முன் அழிக்க வேண்டாம். அழித்தால் சாட்சியே போய்விடும்.

3. பேட்டரியைச் சோதிக்க. ஓய்வில் சுமார் 12.6 வோல்ட், ஓட்டத்தில் சுமார் 14 வோல்ட் இருத்தல் வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் பொய்க் குறியீடுகள் தோன்றும்.

4. சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரையும் ஒயரையும் பார்க்க.

5. உணரியின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிடுக. வேறுபட்டால் மட்டுமே உணரியை மாற்றுக.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் ஒயரில் நாம் கை வைத்தல் கூடாது. குறியீட்டை வேலைச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறலாம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞர் பலருக்கு வண்டியே பிழைப்பு. அதற்கு மாதத் தவணையும் உண்டு. வண்டி ஒரு நாள் பணிமனையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. தேவையற்ற பாகம் மாட்டினால் மேலும் சில நாள் கூலி போயிற்று. அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: 'குறியீடு என்ன? எதை அளந்து பார்த்தீர்கள்?' ஓமின் விதியைப் படித்த நாம் இக்கேள்விகளை நம் தெருவில் உள்ளோர்க்கும் சொல்லிக் கொடுக்கலாமே!