கோடை இடிமழையை முன்னறிதல்

பங்குனி, சித்திரை மாதங்களிற் கொழும்புக் கரையோரத்தில் வாழ்வோர், காலையில் வானந் தெளிந்திருக்கப் பிற்பகலில் இடிமுழங்கி மழை பொழிவதைப் பலகாலுங் கண்டிருப்பர். பிற்பகல் 2 மணிக்குப் பின் மழை பெய்யலாமென வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதும் அதுபற்றியே.

ஏப்பிரில் 5 முதல் 15 வரை ஞாயிறு இலங்கைக்கு நேருச்சியில் வரும், பருவக்காற்றும் ஓய்ந்திருக்கும். நிலம் கடலினும் விரைந்து சூடேற, ஈரலிப்பு மிக்க கடற்காற்று உள்நாடு நோக்கி வீசும். அது நிலத்தின்மேலுள்ள வெப்பவளியைச் சந்திக்குமிடத்து வளி மேலெழுந்து குளிரும். நீராவி ஒடுங்கி மறைவெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பமே முகிலை மேலும் உயர்த்தும். இதற்கு இடமுண்டோ என்பதை, பலூன் அனுப்பி மேல்வளியின் வெப்பநிலையையும் ஈரலிப்பையும் அளந்து முற்கூட்டியே ஊகிக்கலாம்.

எந்த ஊரில் என்பதோ வேறு வினா. தனியோர் இடிமுகில் சில கிலோமீற்றர் அகலமே உடையது; அதன் ஆயுளும் ஏறத்தாழ ஒரு மணிநேரமே. மருதானையில் வெள்ளம் பாயத் தெகிவளையிற் புழுதி பறத்தல் கூடும். அறிவிப்புப் பொய்த்ததென நகைப்போர் இதனை எண்ணுவதில்லை.

ஆதலின் எஞ்சிய முன்னறிவிப்பு எம் கண்ணுக்கும் செவிக்குமே உரியது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட நேரம் 30 செக்கனாயின் முகில் 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதனினுங் குறையின் மாணவரை விளையாட்டிடத்திலிருந்து உடனே கட்டடத்துள் அழைத்தல் வேண்டும், மரத்தடி ஆகாது. இறுதி இடி கேட்டு 30 நிமிடங் கழியுமுன், வெற்றி எத்துணை அண்மையிலிருப்பினும், ஆட்டத்தைத் தொடரலாகாது.