உடன் கற்பாரை வினவுதல்

வீட்டிற் செய்தற்குரிய பயிற்சியில் ஐயம் நேர்ந்தால், நாம் ஆசிரியரினும் முற்படத் தோழரையே நாடுகின்றோம். இக்காலத்தே கைப்பேசி வாயிலாக நள்ளிரவினும் வினவுகின்றோம். இது குற்றமோ எனின், அன்று. மாணாக்கன் ஆசிரியர்பாற் பெறும் புலமை காற்கூறே என்றும், உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும் என்றும், பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் பவணந்தியார் நன்னூலில் வகுத்துள்ளார்.

1789-ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சாலையின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலுதலைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். அம்முறையை விளக்கி 1797-இல் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று அஃது இங்கிலாந்திற் பரவியது.

ஆயினும், விடையை மட்டும் வாங்கிப் படியெடுப்பவன் தன் காற்கூற்றை இழக்கின்றான். விளக்காது விடையை நீட்டுபவனோ தன் அரைக்கூற்றை இழக்கின்றான். ஆகலின் வினவுவோர் தாம் முயன்ற வழியையும் தடைப்பட்ட இடத்தையும் முதற்கண் காட்டுக. உதவுவோர் அடுத்த படியை மட்டும் விளக்கி, எஞ்சியதை அவரிடமே விடுக. தேர்வு மண்டபத்துள் தோழர் துணை வாராதன்றோ?